உங்களுக்குத் தெரியுமா? அருவி, ரயில், ரோப் கார்... அசத்தும் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு!

சுவிட்சர்லாந்தில் லாட்டர்புருன்னன் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்குள்ள எல்லா ஊர்களையும் கூட்டினாலும் மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். அதற்குள் அடைந்து கிடக்கும் அதிசயங்களைத் தேடித் தேடிப் பிடித்திருக்கிறோம். ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. படியுங்கள், அசந்துபோவீர்கள்!

கொட்டுது பார், கொட்டுது!

★ இந்த ஒரே பள்ளத்தாக்கில் எத்தனை அருவிகள் தெரியுமா? பத்து? இருபது? ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு 72!

★ ஊருக்குள் நுழைந்ததுமே தலைக்கு மேல் தெரிவது ஸ்டாவ்பாக் அருவி. உயரம் 297 மீட்டர். நயாகராவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்!

★ காற்று பலமாக அடித்தால் இந்த அருவி தரைக்கு வருவதற்குள் பாதி வழியிலேயே பொடிப்பொடியாகச் சிதறிப் புகையாகப் பறந்துவிடும்!

★ அருவிக்கு முன்னால் நின்று படம் எடுப்பது எல்லாரும் செய்வது. ஸ்டாவ்பாக்கில் கோடைக்காலத்தில் அருவிக்குப் பின்னாலேயே போய் நிற்கலாம். பாறையைக் குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள்!

★ ஸ்டாவ்பாக்கையும் தூக்கிச் சாப்பிடும் அருவி அதே பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெயர் மூரன்பாக். உயரம் 417 மீட்டர். சுவிட்சர்லாந்திலேயே மிக உயரமானது!

★ மலைக்கு வெளியே அருவி பார்த்திருப்பீர்கள். மலைக்கு உள்ளே? ட்ரும்மல்பாக் அருவி பாறையின் வயிற்றுக்குள் ஓடுகிறது. ஒன்றல்ல, பத்து அருவிகள்!

★ ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ். புகழ்பெற்ற இந்த மூன்று சிகரங்களின் பனிப்பாறைகள் உருகி வரும் தண்ணீர்தான் ட்ரும்மல்பாக். வேகம் உச்சத்தில் இருக்கும்போது நொடிக்கு 20,000 லிட்டர். ஒரு நிமிடத்துக்கு 12 லட்சம் லிட்டர்!

★ தண்ணீர் மட்டுமா வருகிறது? கல்லும் மண்ணுமாக ஆண்டுக்கு 20,000 டன்னுக்கும் மேல் அடித்துக்கொண்டு வருகிறது!

★ இந்த அருவியைப் பார்க்கப் பாறைக்குள்ளேயே லிஃப்டில் ஏற வேண்டும். அந்த வசதி வந்தது 1913-ல். நூறு வருஷத்துக்கு முந்தைய யோசனை!

★ குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ட்ரும்மல்பாக்கில் அனுமதி இல்லை. குளிர்காலத்தில் யாருக்குமே இல்லை, கதவு மூடிவிடும்!

மலையேறும் தண்டவாளம்

★ இன்டர்லாக்கனில் ஏறும் ரயில் வழியில் இரண்டாகப் பிரிந்துவிடும்! ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கு, மறு பாதி கிரின்டெல்வால்டுக்கு. பெட்டி மாறி உட்கார்ந்தால் வேறு பள்ளத்தாக்கில் போய் இறங்குவீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்!

★ லாட்டர்புருன்னனிலிருந்து வெங்கன் வழியாக மலையேறும் பல்சக்கர ரயில் 1893-ல் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கிரின்டெல்வால்டு வரை சுமார் 19 கிலோமீட்டர். இடையில் விட்டுப்போகாமல் ஓடும் பல்சக்கரப் பாதைகளில் உலகிலேயே மிக நீளமானது!

★ நம் ஊட்டி ரயிலின் பல்சக்கர முறையை உருவாக்கியவர் யார் தெரியுமா? ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். அந்த மலையில் பெயர் பெற்ற எக்ஸ் ரக நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பிறந்தவைதான்!

★ ஊட்டி ரயில் ஏறும் செங்குத்தான சரிவு 12 அடிக்கு 1 அடி. வெங்கன் ரயில் 4 அடிக்கு 1 அடி ஏறுகிறது. மூன்று மடங்கு!

★ 1893 ஆகஸ்ட் 27. அடால்ஃப் குயர் ட்ஸெல்லர் என்ற தொழிலதிபர் இந்த மலைப்பக்கம் நடந்து போகிறார். எதிரே பல்சக்கர ரயில் ஏறுவதைப் பார்க்கிறார். அன்று ராத்திரியே மூரன் ஊர் விடுதியில் உட்கார்ந்து, பனிச்சிகரத்துக்கே ரயில் விடும் திட்டத்தை வரைந்து தள்ளிவிட்டார். ஒரே ராத்திரியில்!

★ 7 வருஷத்தில் முடிப்போம் என்று தொடங்கிய வேலை. ஆனது 16 வருஷம்! குயர் ட்ஸெல்லர் 1899-லேயே காலமாகிவிட்டார். பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியத் தொழிலாளர்கள். ரயில் உச்சியை எட்டிய நாள் 1912 ஆகஸ்ட் 1. அது சுவிட்சர்லாந்தின் தேசிய தினம்!

★ யுங்ஃப்ராவ் ரயில் பாதையின் நீளம் 9.3 கிலோமீட்டர். அதில் 7 கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம்!

★ ஏறும் வழியில், 3,100 மீட்டருக்கும் மேலே, சுரங்கத்துக்குள் ஒரு நிலையம். பெயர் ஐஸ்மேர். ரயில் சில நிமிடம் நிற்கும். பாறையில் ஜன்னல் வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை பனிப்பாறை!

★ இந்த ரயில் நீராவியில் ஓடியதே கிடையாது. முதல் நாளிலிருந்தே மின்சாரம்தான்! அதுவும் மூன்று கட்ட மின்சாரம். இப்படி ஓடும் ரயில்கள் உலகத்திலேயே நான்கே நான்கு!

★ ஏறும்போது மின்சாரம் குடிக்கும் ரயில், இறங்கும்போது மின்சாரம் தயாரித்துத் திருப்பிக் கொடுக்கிறது!

கம்பியில் தொங்கும் வாழ்க்கை

★ உலகத்திலேயே மிகச் செங்குத்தான ரோப் கார் எங்கே? இங்கேதான். ஷ்டெகல்பெர்க்கிலிருந்து மூரனுக்கு. சரிவு 159.4 சதவீதம். ஏறி உட்கார்ந்தால் நான்கே நிமிடத்தில் மலைமேல்!

★ மூரனுக்குப் போகும் இன்னொரு வழியில் உள்ள ரோப் காரில் மேல்தளத்தில் ஆட்கள், அடியில் சரக்கு! மலை மேல் இருக்கும் ஊருக்குச் சாமான்கள் இப்படித்தான் போய்ச் சேருகின்றன.

★ பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்து போனதுண்டா? வெங்கனிலிருந்து மேன்லிஷன் போகும் ரோப் காரின் கூரையில் நின்றுகொண்டு போகலாம். சட்டப்படி! கைப்பிடி வைத்த மொட்டைமாடி போட்டிருக்கிறார்கள்.

★ பிர்க் என்ற இடத்தில் செங்குத்துப் பாறையோடு ஒட்டி 200 மீட்டர் நடைபாதை. சில இடங்களில் காலுக்குக் கீழே வெறும் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே பாதாளம்!

★ மூரனிலிருந்து கிம்மல்வால்டுக்கு இடுப்பில் கயிறு மாட்டிக்கொண்டு பாறை ஓரமாகவே போகலாம். 2.2 கிலோமீட்டர். மலையேற்றம் என்றால் ஏறுவதுதானே? இங்கே தொடக்கத்திலிருந்து கடைசிவரை இறக்கம்!

★ ஷில்ட்ஹார்ன் உச்சி, 2,970 மீட்டர். அங்கே ஓர் உணவகம் சுற்றுகிறது. சுமார் 45 நிமிடத்தில் முழுச் சுற்று. இருந்த இடத்திலிருந்தே 200-க்கும் மேற்பட்ட சிகரங்கள்!

★ 1969-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் வில்லன் கோட்டை இந்த உணவகம்தான். கட்டி முடிக்காமல் கிடந்த இடம். படக்குழு பணம் போட்டு முடித்துக் கொடுத்தது! அதன் பெயரான பிஸ் குளோரியாவும் ஜேம்ஸ் பாண்ட் நாவலிலிருந்து வந்ததுதான்!

3,454 மீட்டரில் ஒரு ரயில் நிலையம்!

★ யுங்ஃப்ராவ்யோக். ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம். அதற்குத் தனி பின்கோடு உண்டு: 3801! பனிமலையிலிருந்தே வீட்டுக்குக் கடிதம் போடலாம்.

★ இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும்!

★ அப்படிப்பட்ட இடத்தில் ஓர் இந்திய உணவகம் இருக்கிறது. பெயரே பாலிவுட்! பனிப்பாறையைப் பார்த்துக்கொண்டே பருப்பும் சோறும்!

★ இந்திப் பட இயக்குநர் யஷ் சோப்ரா இந்த மலைகளைத் திரும்பத் திரும்பப் படமாக்கினார். சுவிஸ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. யுங்ஃப்ராவ் ரயில் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்!

★ நிலையத்திலிருந்து ஸ்ஃபிங்க்ஸ் ஆய்வுக்கூடத்துக்கு லிஃப்ட். 108 மீட்டர் உயரம். எவ்வளவு நேரம்? 25 நொடி!

★ பனிப்பாறையைக் குடைந்து அங்கே ஓர் அரண்மனை இருக்கிறது. தரை பனி, சுவர் பனி, சிலைகளும் பனி. 1930-களில் மலை வழிகாட்டிகள் கையால் வெட்டியது!

★ எதிரே படுத்திருப்பது அலெட்ச் பனிப்பாறை. ஆல்ப்ஸ் மலையிலேயே மிகப் பெரியது. நீளம் 20 கிலோமீட்டருக்கும் மேல்!

★ யுங்ஃப்ராவ்யோக் முகட்டுக்கு அந்தப் பக்கம் உருகும் பனி ரோன் ஆற்றில் சேர்ந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. இந்தப் பக்கம் உருகும் பனி ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. ஒரே முகடு, இரண்டு கடல்!

★ 2014-ல் ரோஜர் ஃபெடரர் டென்னிஸ் ஆடினார், பனிப்பாறை மேல்! எதிரே ஆடியவர் பனிச்சறுக்கு வீராங்கனை லின்ட்ஸி வான்!

★ 2015-ல் ஒரே ஆண்டில் யுங்ஃப்ராவ்யோக் ஏறியவர்கள் எத்தனை பேர்? பத்து லட்சத்தையும் தாண்டிவிட்டது!

★ யுங்ஃப்ராவும் அலெட்ச்சும் சேர்ந்த இந்தப் பகுதி 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆல்ப்ஸ் மலையில் உலக இயற்கைப் பாரம்பரியச் சின்னமான முதல் இடம்!

பனியில் பறந்தவர்கள்

★ கொடிக்கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து சறுக்கும் நவீன ஸ்லாலம் போட்டி முதன்முதலில் நடந்தது எங்கே? மூரனில், 1922-ல்! நடத்தியவர் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர்.

★ ஆல்ப்ஸ் பாணி பனிச்சறுக்கின் முதல் உலகச் சாம்பியன் போட்டியும் மூரனில்தான், 1931-ல். பெண்கள் பிரிவில் இரண்டு பட்டங்களையும் அள்ளியவர் எஸ்மி மெக்கின்னன். வயது 17!

★ மூரனில் 1924-ல் தொடங்கிய பனிச்சறுக்கு மன்றத்தின் பெயர் காந்தஹார்! காந்தஹார் ராபர்ட்ஸ் பிரபுவின் பெயரில் நடந்த கோப்பைப் போட்டியிலிருந்து வந்தது. அந்த ராபர்ட்ஸ் யார் தெரியுமா? 1880-களில் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி!

★ இன்ஃபெர்னோ பந்தயம். ஷில்ட்ஹார்ன் மலையிலிருந்து கீழே சறுக்க வேண்டும். 1928-ல் முதல் பந்தயத்தில் 17 பேர்தான். உச்சிக்கு ரோப் கார் கிடையாது, நடந்தே ஏறி, பிறகு சறுக்கினார்கள். இப்போது 1,800-க்கும் மேற்பட்டவர்கள்!

★ வெங்கனில் 1930 முதல் லாபர்ஹார்ன் பந்தயம். நீளம் சுமார் நாலரை கிலோமீட்டர். உலகக் கோப்பைப் பந்தயங்களிலேயே மிக நீண்ட இறக்கம். நடுவில் ரயில் பாதைக்கு அடியில் புகுந்து வெளியே வருவார்கள்!

★ 2013-ல் அங்கே பிரான்ஸின் ஜோஹன் கிளாரி தொட்ட வேகம் மணிக்கு 161.9 கிலோமீட்டர். எஞ்சின் இல்லாமல்!

வந்து போன பெரிய மனிதர்கள்

★ 1779-ல் ஜெர்மன் மகாகவி கதே இங்கே வந்தார். ஸ்டாவ்பாக் அருவியைப் பார்த்தார். கவிதை பிறந்தது. பிறகு ஷூபர்ட் அதற்கு இசையமைத்தார். ஓர் அருவி, இரண்டு மேதைகள்!

★ 1816-ல் பைரன் வந்தார். அவருடைய ‘மேன்ஃப்ரெட்’ நாடகத்துக்குள் ஆல்ப்ஸ் நுழைந்துவிட்டது!

★ 1911-ல் 19 வயது இளைஞர் ஒருவர் முதுகில் மூட்டையோடு இந்தப் பள்ளத்தாக்கில் நடந்தார். பெயர் டோல்கீன்! அவருடைய கதைகளில் வரும் எல்ஃப்களின் ஊரான ரிவென்டெல்லைப் பார்த்தால் லாட்டர்புருன்னன் ஞாபகம் வருவது சும்மா இல்லை!

ஊர் நடக்கும் அழகு

★ வெங்கனுக்கும் மூரனுக்கும் காரில் போக முடியாது. கார் ஓடாத ஊர்கள்! லாட்டர்புருன்னன் நிலையத்தருகே காரை நிறுத்திவிட்டு ரயிலிலோ ரோப் காரிலோ ஏற வேண்டியதுதான்.

★ கிம்மல்வால்டில் ஒரு கடை. கடைக்காரரே கிடையாது! வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம்.

★ சுவிஸ் மலைப்பாதையில் மஞ்சள் தபால் பஸ் ஹாரன் அடித்தால் காதைக் கூர்மையாக்குங்கள். அந்த மூன்று சுரமும் ரோஸினியின் ‘வில்லியம் டெல்’ இசையிலிருந்து வந்தவை!

★ இங்கே பாறை உச்சியிலிருந்து பாராசூட் கட்டிக் குதிக்கச் சட்டத் தடை இல்லை. குதிப்பவர்கள் இறங்கும் இடம் விவசாயியின் புல்வெளி. அதற்காக அட்டை வாங்க வேண்டும். அந்தப் பணம் புல் மிதிபடும் விவசாயிக்கு!

★ பள்ளத்தாக்கின் கடைசியில் ஓபர்ஸ்டைன்பெர்க் என்ற மலை விடுதி. நடந்துதான் போக வேண்டும். அறையில் மின்சாரம் இல்லை, மெழுகுவத்திதான். இந்தக் காலத்தில்!

★ மலையில் ஆபத்தா? 1414-ஐ அழுத்துங்கள். ரேகா மீட்புக் குழுவின் ஹெலிகாப்டர் பறந்து வரும். மனிதர்களுக்கு மட்டும் என்று நினைத்தீர்களா? மேய்ச்சல் மலையில் அடிபட்டுக் கிடக்கும் பசுவையும் கயிற்றில் தொங்கவிட்டு ஆகாய வழியாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கிறார்கள்!