திரைக்குப் பின்னால் ஒரு வரி

வங்கி இயந்திரத்தில் 'தமிழ்' என்ற பொத்தானை அழுத்தியதும் திரையின் சொற்கள் மாறிவிடுகின்றன. அவற்றை யாரோ ஒருவர் இருந்து எழுதியிருக்கிறார் என்று நாம் எண்ணுவதில்லை. வவுனியாவில் இருந்து நான் சில காலமாகச் செய்துவரும் வேலை அதுதான்.

ஒரு மென்பொருளின் திரையில் தெரியும் சொற்களையெல்லாம் தனிக் கோப்பொன்றில் வைத்திருப்பார்கள். மேல் வரியில் ஆங்கிலம், கீழ் வரியில் தமிழ். 1995 இல் வெளிவந்த 'க்னூ கெட்டெக்ஸ்ட்' இந்த முறையைப் பலரிடமும் கொண்டுசேர்த்தது. பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்றவற்றைத் தமிழில் தந்தவர்களிற் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

அகராதியைப் பார்த்து எழுதுவதுதானே என்று சிலர் கேட்பார்கள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன் 'இன்' என்று போட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும். மென்பொருள் எழுதுபவர் ஊர்ப்பெயருக்கு ஒரு வெற்றிடம் விட்டுவிடுவார். அதன் பின்னால் நாம் 'இல்' என்று எழுதினால் "கிளிநொச்சிஇல்", "வவுனியாஇல்", "முல்லைத்தீவுஇல்" என்று வந்து நிற்கும். நாம் சொல்வதோ கிளிநொச்சியில், வவுனியாவில், முல்லைத்தீவில். மூன்றும் மூன்று விதம்! ஆகவே வெற்றிடத்தை அடுத்து 'மாவட்டத்தில்' என்று எழுதிவிடுவேன். மாங்குளத்துக்கு அது சரிவராது. அங்கே 'இடம்:' என்று போட்டுத் தப்பவேண்டியதுதான்.

'ஓப்பின்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் 'திற', இன்னோரிடத்தில் 'திறந்துள்ளது'. எந்த இடத்துச் சொல் என்று குறிப்பு வைக்கும் வசதி கெட்டெக்ஸ்டில் 2006 இல்தான் வந்தது.

"நுழைந்தான்" என்று எழுதப்பட்ட வரிகளையும் கண்டிருக்கிறேன். கணனிக்கு முன் இருப்பவர் ஆண்தான் என்று யார் சொன்னது? "நுழைந்தார்" என்றால் மரியாதையும் ஆயிற்று, இருபாலாருக்கும் பொருந்தும்.

ஒருமுறை, குடும்ப விபரம் பதியும் மென்பொருள் ஒன்றின் வரிகள் என்னிடம் வந்தன. மணமானவர், மணமாகாதவர், விதவை, விவாகரத்துப் பெற்றவர் என்று நான்கே தெரிவுகள். கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் எங்கள் அக்காமார் எதை அழுத்துவார்கள்? கிளிநொச்சியில் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 2016 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மரணச் சான்றிதழ் பெற விரும்பாத குடும்பங்கள் வேறொரு சான்றிதழைப் பெற வழிசெய்திருந்தது. சட்டத்தில் இடமிருந்தும் திரையில் இல்லை.

மொழிபெயர்ப்பவர் வரியொன்றைக் கூட்ட முடியாது. ஆங்கிலத்தில் எத்தனை வரியோ தமிழிலும் அத்தனைதான். எனவே மென்பொருள் எழுதியவருக்குக் காரணத்தை விளக்கிக் கடிதம் அனுப்பினேன். ஐந்தாவது வரி மூன்று மொழிகளிலும் வர ஒரு மாதம் சென்றது. தமிழில் எப்படி எழுதலாம் என்று அக்காமாரிடமே கேட்டேன். "காணாமல் போனவர் என்று போடாதை பிள்ளை, தானாகவா போனவர்?" என்றார் ஒருவர். "கணவர் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று எழுதினேன். பெட்டிக்குள் அது அடங்கவில்லை. சொல்லைச் சுருக்கும்படி பதில் வந்தது. பெட்டியை அகலமாக்குங்கள் என்று திருப்பி எழுதினேன். அகலமாக்கினார்கள்.