வலைச் சட்டகமும் தமிழ் எழுத்தும்

இலக்கிய ஆராய்ச்சிக்குச் சொல்லடைவு இன்றியமையாத கருவியாகும். முன்பு அச்சேறிய அடைவுகள் இன்று வலையேறுகின்றன. வலையில் ஏறும் அடைவு வெறும் பக்கமன்று; கேட்ட சொல்லைத் தேடித் தரவல்ல ஒரு செயலியாகும். இத்தகைய செயலிகளை ஆக்குவோர் எல்லாவற்றையும் அடிமுதல் தாமே எழுதுவதில்லை. வேண்டுகோளைப் பெறுதல், வந்தவர் யாரென அறிதல், பக்கத்தை ஆக்கி அனுப்புதல் முதலிய பொதுவினைகளை முன்னரே செய்து வைத்துள்ள ஒரு நிரல்தொகுதியின்மேல் தம் பணியை அமைப்பர். அதனைச் சட்டகம் என்பர். அச்சட்டகங்களுள் ஒன்றாகிய ஏஎஸ்பி.நெட் கோர் என்பதன் இயல்பையும், தமிழ் எழுத்தை அது கொள்ளும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

இதன் முன்னோடியான ஏஎஸ்பி, 1996-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. 2002-இல் ஏஎஸ்பி.நெட் தோன்றிற்று. இரண்டும் விண்டோஸ் இயங்குதளத்தைச் சார்ந்தே வாழ்ந்தன. 2014 நவம்பரில் அந்நிறுவனம் தன் டாட்நெட் கோரைத் திறந்த மூலமாக்குவதாக அறிவித்தது. அதன் வழியில் முற்றிலும் புதிதாக எழுதப்பெற்ற சட்டகம், 2016 ஜூன் 27-இல் ஏஎஸ்பி.நெட் கோர் என்னும் பெயருடன் வெளிவந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இஃது இயங்கும். மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆண்டுதோறும் நவம்பரில் புதிய பதிப்பு வருகின்றது. பத்தாம் பதிப்பு 2025-இல் வந்தது.

திறந்த மூலம், பல்தளம் என்னும் இவ்விரு பண்புகளும் பொறியாளர்க்கே உரியன என்று யானும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தேன். பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அடைவொன்றைப் பூட்டிய மென்பொருள் ஒன்றில் வைத்திருந்தோம். அஃது இயங்கிய பழைய கணிப்பொறி ஒருநாள் நின்றது. புதிய கணிப்பொறி அம்மென்பொருளை ஏற்க மறுத்தது. ஆக்கியவர் தொழிலை விட்டு நீங்கியிருந்தார். மூலநிரல் எம்மிடம் இல்லை. அச்சிட்டு வைத்திருந்த தாள்களைப் பார்த்து, இரு தட்டச்சாளரைக் கொண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். ஓலை செல்லரித்தால் வேறோர் ஓலையில் பெயர்த்தெழுதலாம். பூட்டிய நிரலுக்கு அவ்வழியும் இல்லை. புதிய அடைவுக்கு இச்சட்டகத்தை யாம் தேர்ந்தமைக்கு அதுவே காரணமாகும்.

சட்டகம் தொழிற்படும் முறையைச் சுருங்கக் கூறலாம். உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளைக் கெஸ்ட்ரெல் என்னும் வழங்கி முதற்கண் பெறுகின்றது. கெஸ்ட்ரெல் என்பது வல்லூற்றின் இனத்ததாகிய ஒரு சிறு பறவையின் பெயர். பின்னர் அவ்வேண்டுகோள் இடைநிரல்கள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்லும். சுவடி நூலகத்துள் நுழைபவர் முதலில் வாயிலில் பெயரெழுதி, பின்னர் அடையாளம் காட்டி, அதன்பின் சுவடி பார்க்கும் உரிமை பெற்று, இறுதியில் சுவடி எடுத்துத் தருவாரை அடைவது போன்றது இது. ஓர் இடைநிரல் வேண்டுகோளை அடுத்ததற்கு அனுப்பலாம். தானே விடை கூறித் திருப்பியும் விடலாம். விடை வந்த வழியே பின்னோக்கிச் செல்லும். ஆதலின் இடைநிரல்களை நிறுத்தும் வரிசை பெரிதும் கருதற்பாலது. வந்தவர் யாரென்று அறியுமுன் அவருக்குரிய உரிமை யாதென்று வினவுதல் பொருந்தாதன்றோ?

இனி எழுத்துக்கு வருவோம். எம் அடைவின் முதற் பக்கம் உலாவியில் செவ்வனே தோன்றிற்று. அதன் எச்டிஎம்எல் மூலத்தைத் திறந்து பார்த்தபோது அங்கே ஒரு தமிழெழுத்தும் காணப்படவில்லை. எண்களும் குறிகளுமே நிரம்பியிருந்தன. பழுது என்று அஞ்சினோம், பழுதன்று. செயலியின் தரவிலிருந்து பக்கத்தில் இடப்படும் சொற்களுள் அடிப்படை இலத்தீன் எழுத்தல்லாத யாவற்றையும் சட்டகம் குறியெண்ணாக மாற்றியே எழுதும் இயல்பினது. பிறமொழி எழுத்துகளைக் கையாள்வதில் உலாவிகள் முன்னர்ச் செய்த பிழைகளைப் பகைவர் பயன்கொள்ளாவண்ணம் காத்தலே அதன் நோக்கம். ஆயினும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளில் அடங்கும் அகரம், இம்முறையில் 7 குறிகளாக விரிகின்றது. சட்டகத்தின் அமைப்பில் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியையும் பாதுகாப்பான எழுத்துகளுள் ஒன்றாகச் சேர்த்துவிடின் இந்நிலை மாறும். இலத்தீன் பகுதியையும் உடன் குறிப்பிடுதல் வேண்டும்; இல்லையேல் அது விடுபடும்.

இதனினும் நுட்பமானது எழுத்தெண்ணிக்கை. கொற்றவை என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று தொடக்கப்பள்ளி மாணவனை வினவின் நான்கு என்பான். சட்டகம் ஏழு என்கிறது. ககரம், ஒகரக் குறி, றகரம், புள்ளி, றகரம், வகரம், ஐகாரக் குறி என அது எண்ணுகின்றது. இலக்கணத்தார்க்கு மெய் முதலாவது. உயிர் கூடி உயிர்மெய்யாகும். ஒருங்குறிக்கோ அகரமேறிய உயிர்மெய் முதலாவது. அதன்மேல் புள்ளியிட்டாலன்றி மெய் பிறவாது. தலைகீழான இம்முறை பிழையென்று தோன்றும். எழுத்தின் ஒலியை நோக்காது வரிவடிவை மட்டும் நோக்கின், அகரமேறிய வடிவின்மேல் புள்ளி இடுதலே கையெழுத்தின் வழக்கமும் ஆகும். எனவே ஒருங்குறியைக் குறைகூறுதல் என் கருத்தன்று. ஒரு படிவத்தில் தலைச்சொல் 20 எழுத்துக்கு மிகலாகாது என்று விதிப்பவர், சட்டகம் எண்ணுவன எழுத்தல்ல என்பதை அறிந்து விதித்தல் வேண்டும் என்பதே கருத்து. தமிழ் எழுத்தையே எண்ண வேண்டுவார்க்கு டாட்நெட்டில் வேறு கருவி உண்டு. அது கொற்றவையை நான்கென்றே எண்ணும்.

ஒகரக் குறி பிறிதோர் இடரையும் விளைத்தது. அக்குறியை 3018 என்னும் ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். எகரக் குறியாகிய 3014, ஆகாரக் குறியாகிய 3006 என்னும் இரண்டாலும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு சிறிதும் தோன்றாது. எம் தட்டச்சாளர் இருவரும் வெவ்வேறு விசைப்பலகையர். ஒருவர் ஒன்றாக இட்டதை மற்றவர் இரண்டாக இட்டிருந்தனர். விளைவு யாதெனின், கொற்றவையைத் தேடியபோது ஒருவர் பதிந்த இடங்கள் மட்டுமே கிடைத்தன. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அவ்வெண்ணிக்கையை மெய்யென்று கொண்டு தம் கட்டுரையில் ஒரு முடிபே கூறிவிட்டார். அச்சுக்குச் செல்லுமுன் அது கண்டுபிடிக்கப்பட்டது. நிரல்மொழி, இரு சொற்கள் ஒன்றே எனக் காணுமிடத்துக் குறியெண்களையே ஒப்பிடுகின்றது. பதியும்போதும் தேடும்போதும் சொல்லை ஒரே வடிவுக்குக் கொணரும் கட்டளை டாட்நெட்டிலேயே உளது. அதனை இடாமல் விட்டது எம் தவறு.

இறுதியாக அகரவரிசை. ஒருங்குறியில் னகரம் நகரத்தையும், றகரம் ரகரத்தையும் அடுத்து நிற்கின்றன. பிற இந்திய மொழிகளோடு ஒத்த வரிசை அது. ஆதலின் குறியெண் வழியே அடுக்கின் மனம், மயில், மறம், மலர் என வரும். தமிழ் அகராதி வழியோ மயில், மலர், மறம், மனம் என்பது. தமிழ்ப் பண்பாட்டு அமைப்பைக் குறிப்பிட்டால் சட்டகம் சரியாகவே அடுக்கும். என் கணிப்பொறியில் அடுக்கியும் காட்டிற்று. அதே செயலியைச் சிறிய லினக்ஸ் கொள்கலன் ஒன்றில் ஏற்றியவுடன் மனம் மீண்டும் முதலில் வந்து நின்றது. மொழிதோறும் வேறுபடும் வரிசைகளைத் தாங்கிய ஐசியு என்னும் நூலகம், அளவைக் குறைத்தற்பொருட்டு அக்கொள்கலனில் விடப்பட்டிருந்தது. பல்தளம் என்பது எத்தளத்திலும் இயங்கும் என்பதே. எத்தளத்திலும் ஒன்றுபோல் இயங்கும் என்பதன்று. ஐசியுவைச் சேர்த்து, பண்பாட்டு வேறுபாடு கருதாத நிலையை நீக்கும் ஒரு வரியையும் அமைப்பில் இட்டோம். அதன்பின் லினக்ஸிலும் மனம் மறத்திற்குப் பின்னே சென்றது.