டேபிள் ரோஸா, பருப்புக்கீரையா? உங்க தொட்டியில் இருப்பது எது?

காலை எட்டு மணிக்குப் பார்த்தா வெறும் மொட்டு. பத்து மணிக்கு குட்டி ரோஜா மாதிரி விரிஞ்சு நிற்கும். ஆபீஸ் முடிஞ்சு சாயங்காலம் வந்து பார்த்தா, சுருங்கிப் போயிருக்கும். அதனாலதான் இதுக்கு 'பத்து மணிப் பூ'ன்னு பேர். நர்சரியில் டேபிள் ரோஸ்னு கேட்டா உடனே கொடுப்பாங்க. கேரளாவிலும் இது பத்துமணிதான். வியட்நாம் மொழியிலும் இதன் பெயருக்கு அதே அர்த்தம்!

பேர்ல ரோஸ் இருந்தாலும் ரோஜாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே பக்கத்துச் செடி இது. தாவரவியல் பெயர் போர்ச்சுலாகா கிராண்டிஃப்ளோரா. நம்ம ஊர் பருப்புக்கீரைக்கு நெருங்கின சொந்தம். குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்குது.

பூ இல்லாத நேரத்தில் இலையைப் பாருங்க. ஊசி மாதிரி உருண்டு, சதைப்பற்றோடு, இலைக்கணுவில் மெல்லிய வெள்ளை முடி இருந்தா அது டேபிள் ரோஸ். இலை தட்டையா, கரண்டி வடிவில் இருந்து, சின்ன மஞ்சள் பூ பூத்தா அது பருப்புக்கீரை. தட்டை இலை, ஆனா பூ பெருசா, கலர் கலரா இருக்கா? அதுவும் போர்ச்சுலாகாதான், வேற வகை. நர்சரிகளில் ரெண்டையும் ஒரே பேர்ல விற்பாங்க. வளர்ப்பு முறை ஒண்ணுதான் என்பதால் கவலை வேண்டாம்.

கவனிக்க வேண்டியது நாலாவது ஆள். அம்மான் பச்சரிசி குடும்பத்துல தரையோடு படரும் செடிகள் சில இருக்கு. அதே தொட்டியில், அதே மாதிரி சிவப்புத் தண்டோடு முளைக்கும். தண்டைக் கிள்ளிப் பாருங்க. வெள்ளையா பால் வந்தா அது பருப்புக்கீரை கிடையாது. கீரைன்னு நினைச்சு சமையலுக்குப் பறிச்சிடாதீங்க. அந்தப் பால் தோலில் எரிச்சல் தரும், கண்ணில் படவே கூடாது. நிஜமான பருப்புக்கீரையிலும் ஆக்ஸலேட் அதிகம். சிறுநீரகக் கல் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டுச் சாப்பிடுறது நல்லது.

சரி, 'செடி புசுபுசுன்னு இருக்கு, பூ மட்டும் இல்லை'ன்னு புலம்புறவங்களுக்கு வருவோம். பெரும்பாலும் காரணம் வெயில். தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேணும். ஜன்னல் ஓரம், பால்கனி நிழல் எல்லாம் போதாது. தண்டு நீளுமே தவிர பூக்காது. மேகமூட்டமான நாளில் மொட்டு இருந்தும் விரியாது. அது நோய் இல்லை, செடியின் சுபாவமே அப்படித்தான். ஒரு பூவுக்கு ஆயுள் ஒரே நாள்தான். நாளைக்கு வேற பூ வரும்.

அடுத்த காரணம் நம்ம பாசம். இலையிலும் தண்டிலும் தண்ணியைச் சேமிச்சு வைக்கிற செடிக்கு தினமும் ஊற்றினா வேர் அழுகிடும். மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றுங்க. செம்மண்ணோடு தாராளமா மணல் கலந்து, தொட்டியின் அடி ஓட்டையில் தண்ணி உடனே வெளியேறுற மாதிரி இருந்தா போதும். உரத்தை அள்ளிப் போட்டா இலைதான் பெருகும்.

பக்கத்து வீட்டுல இருக்கா? விதைக்கு அலைய வேண்டாம். விரல் நீளத் தண்டு ஒண்ணு கேட்டு வாங்கி, கீழ் இலைகளை நீக்கி நட்டாலே ஒண்ணு, ரெண்டு வாரத்துல வேர் பிடிச்சிடும். அடுக்குப் பூவுக்கு இதுதான் சரியான வழி. விதை போட்டா தாய்ச்செடி போலவே பூக்கும்னு உத்தரவாதம் இல்லை. செடி நீண்டு நுனியில் மட்டும் பூத்தா, தயங்காம வெட்டி விடுங்க. வெட்டினதையும் நட்டுக்கலாம்.

பூ விரிஞ்சிருக்கும்போது நடுவில் உள்ள மகரந்தத் தாள்களை ஒரு குச்சியால மெதுவா தொட்டுப் பாருங்க. தொட்ட பக்கமா சாயும். ரீல்ஸ் எடுக்க இதைவிட நல்ல விஷயம் மாடியில் கிடைக்காது!

ஐப்பசி அடைமழை வந்தா தொட்டியை சன்ஷேடுக்குக் கீழே இழுத்து வெச்சுடுங்க. அதுக்கு முன்னாடியே நாலஞ்சு தண்டை வெட்டி, தனியா சின்னத் தொட்டியில் நட்டு வைங்க. தாய்ச்செடி அழுகினாலும் தை மாசத்துக்கு அது போதும்.