ஏறுமுன்னே கியர் மாற்றுவோம்

2003-இல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்ட யாங்கோனில், நம் வாலிபர் பலருக்குச் சைக்கிளே துணை. கியர் வண்டி ஓட்டும் தம்பி தங்கைகளே, மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, ஷ்வேடகோன் குன்றுப் பக்கம் சாலை ஏறும். ஏற்றத்தின் நடுவே, அழுத்தி மிதித்தபடி கியர் மாற்றினால் செயின் நழுவும், கால் சறுக்கும். பின்னால் பஸ் வந்தால் உயிருக்கே ஆபத்து. ஏற்றம் தொடங்குமுன்பே, லேசாக மிதித்துக்கொண்டு மாற்றுவோம். நின்ற வண்டியில் மாற்றவேண்டாம்.

இரண்டாவது, முன்னும் பின்னும் மிகப் பெரிய பல்சக்கரங்களில் செயினை ஒருசேரப் போடவேண்டாம். கோணலாக இழுபட்டுச் சீக்கிரம் தேயும்.

மூன்றாவது, பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏறத் தயங்கினால், பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கும். பின்பக்கக் கியரில் கேபிள் நுழையுமிடத்துக் குமிழை, பின்னாலிருந்து பார்த்து, கடிகாரச் சுற்றுக்கு எதிராக அரைச் சுற்று திருகுவோம். ஒருவர் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் பெடலைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். சுழலும் செயினருகே விரல் போகக்கூடாது.

செயின் ஆரக்கம்பிக்குள் விழாமல் தடுக்கும் சிறு ஸ்குரூக்களை மட்டும் கடைக்காரரிடமே விடுவோம். மழைக்காலத்தில் கேபிள் துருப்பிடிக்கும். பெற்றோரே, மழை ஓய்ந்ததும் பிள்ளைகளின் வண்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.