அரிசிப் பானை போலத்தான் ஏரிக் கணக்கும்!

பானையில் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டால், மூடியைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். சென்னைக்குத் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? அதையும் நாமே சொல்லலாம், சகோதரிகளே!

சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பைத் தன் இணையதளத்தில் போடுகிறது. காசு கிடையாது. கையிலிருக்கும் போனிலேயே பார்க்கலாம்.

பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், 2020-ல் சேர்ந்த கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்தும் நிரம்பினால் 11,757 மில்லியன் கன அடி. ஆயிரம் மில்லியன் கன அடிதான் ஒரு டி.எம்.சி. ஊருக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி. செலவு என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள், எத்தனை மாதம் என்பது தெரிந்துவிடும். இது தோராயம்தான். வெயிலில் ஆவியாவது உண்டு, அடித் தண்ணீர் முழுவதையும் எடுக்கவும் முடியாது. அதே சமயம் வீராணம் ஏரியும், மீஞ்சூர், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் கைகொடுக்கும்.

பட்டியலில் 'சென்ற வருடம் இதே நாளில்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். ஒரு கோடையில் எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

"அக்கா, ஏரியெல்லாம் வத்திப்போச்சாமே! ரெண்டு நாளா குழாயில சொட்டுத் தண்ணி இல்லை. லாரிக்காரர் ரெட்டை விலை சொல்றார். கட்டிடட்டுமா?"

இருவரும் போனில் பார்த்தோம். போன வருடத்தைவிட இருப்பு அதிகம்!

"அப்போ நமக்கு மட்டும் ஏன் வரலை?" என்றாள்.

அதுதான் சரியான கேள்வி. பக்கத்து வீட்டில் விசாரித்தால், அங்கே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பிளம்பரை அழைத்தோம். எங்கள் குடியிருப்புக் குழாயின் வால்வு துருவேறி அடைத்திருந்தது. லாரிப் பணம் மிச்சம், குழந்தைக்கும் தண்ணீர் ஆச்சு.

நிஜமாகவே பஞ்சம் வரும்போதும் இந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்லும். 2018-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் அப்போதிருந்த நான்கு ஏரிகளிலும் சேர்த்து ஒரு சதவீதம்கூட இல்லை. மழை முடிந்ததுமே, ஜனவரியில் இருப்பைப் பார்த்துவிட்டால், ஒழுகும் குழாயைச் சரிசெய்யவும் தொட்டியைக் கழுவவும் அவகாசம் கிடைக்கும்.

"இதெல்லாம் ஆபீஸ் சமாசாரம், நமக்கெதுக்கு?" என்று ஒதுங்காதீர்கள். அரசு அலுவலகங்கள் தங்களிடமுள்ள விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005-ம் வருடத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. அது நமக்காக வைத்த கணக்குதான்.

மளிகைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே மாதம் ஒரு வரி ஏரிக் கணக்கும் எழுதி வையுங்களேன். அடுத்த கோடையில் தெருவில் புரளி கிளம்பினால், பதில் உங்கள் கையில் இருக்கும்!