ஒரு சாவி, நான்கு கதவுகள்

எழுபதுகளில் சென்னையில் சொந்தக் கார் என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. வங்காளத்தின் உத்தரபாராவில் செய்த அம்பாசடர், பம்பாயிலிருந்து வந்த ஃபியட், பக்கத்திலேயே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மூன்றுக்கும் காவல் என்று கதவில் ஒரு பூட்டு இருந்தது. அதற்கு மேல் தொழிற்சாலை அதிகம் எதுவும் தரவில்லை. அந்தப் பூட்டும் சில வருடங்களில் தேய்ந்துபோகும். தேய்ந்த பூட்டை இன்னொரு அம்பாசடரின் சாவியே திறந்துவிடும் என்பது அன்றைய டிரைவர்களுக்குத் தெரிந்த விஷயம். முன்பக்க முக்கோணக் கண்ணாடியின் கொக்கி தளர்ந்திருந்தால் சாவியும் வேண்டாம். கை உள்ளே போய்விடும்.

ஆனாலும் வண்டிக்குக் காவல் இல்லாமல் இல்லை. இரவில் வெளியூரில் நிறுத்த நேர்ந்தால் அனுபவமுள்ள டிரைவர் பானெட்டைத் திறப்பார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்புகளை விலக்கி, உள்ளே சுழலும் ரோட்டரை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். விரலளவே இருக்கும் துண்டு அது. அது இல்லையென்றால் காயிலில் பிறக்கும் மின்பொறி எந்தப் பிளக்குக்கும் போகாது. சாவி இருந்தாலும், ஹேண்டில் போட்டுச் சுற்றினாலும் எஞ்சின் உயிர் பெறாது. காலையில் ரோட்டரைத் திரும்பச் செருகினால் வண்டி கிளம்பிவிடும். பைசா செலவில்லை. சிலர் பேட்டரி வயரைக் கழற்றினார்கள். சிலர் டாஷ்போர்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு சுவிட்ச் வைத்து இக்னிஷனை அதன் வழியாக ஓட்டினார்கள். எல்லாவற்றிலும் யோசனை ஒன்றுதான்: கதவைத் திறக்கட்டும், வண்டி நகரக்கூடாது.

இன்றைக்கு மலிவு விலையில் ஒரு கார் அலாரம் தேடுகிறவர் அந்த ரோட்டரை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்பேன். கடைக்காரர் முதலில் காட்டுவது ரிமோட்டின் அழகை, அடுத்து சைரனின் சத்தத்தை. எஞ்சினை நிறுத்தும் ரிலேயைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் பேச்சு வரும்.

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி டில்லிவாசி ஒருவர் கையில் கொடுத்தார். ஐம்பதாயிரத்தை ஒட்டிய விலை; கார் வாங்கும் கனவு நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தது அப்போதுதான். பூட்டில் பெரிய மாற்றமில்லை. ஒரு சாவி, நான்கு கதவுகள். ஓட்டுநர் இறங்கும் முன் பின்னால் திரும்பி இரண்டு குமிழ்களை அமுக்குவார். பக்கத்தில் இருப்பவர் தன் குமிழை அமுக்குவார். கடைசியாக ஓட்டுநர் கதவு. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி சாத்தினால் சாவி இல்லாமலே அது பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளேயே தங்கிவிடுவதும் அப்படித்தான். அப்போது பக்கத்து மெக்கானிக் கடையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேல் வரும். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே அதை விட்டு, கம்பியைத் தேடி நெம்பினால் குமிழ் எழும்பும். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற உரிமையாளருக்கு நிம்மதியோடு ஒரு கவலையும் பிறந்தது. இவ்வளவு சுலபமா?

அந்தக் கவலைதான் தொண்ணூறுகளில் அலாரம் கடைகளை வளர்த்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது; அதையடுத்து மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான். கார்கள் பெருகின, ஷெட்டுகள் பெருகவில்லை. தனி வீடுகள் அடுக்குமாடிகளாயின. வண்டிகள் தெருவுக்கு வந்தன. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சீட் கவரும் ஸ்டீரியோவும் விற்ற கடைகளில் ‘சென்ட்ரல் லாக்’ என்ற பலகை ஏறியது. ஆட்டோகாப், நிப்பான் போன்ற பெயர்கள் வீட்டுப் பேச்சில் அடிபட்டன.

பிரான்சில் ரெனோ நிறுவனம் தன் ஃபியூகோ காரில் ரிமோட் பூட்டை முதன்முதலில் தந்தது 1982இல். அங்கே அது விலையுயர்ந்த புதுமை. இங்கே அது நடைபாதை ஓரத்தில், நிறுத்திய வண்டியிலேயே, அரை நாள் வேலையாகச் செய்து முடிக்கப்பட்டது. நான்கு கதவுகளின் உட்பலகையையும் கழற்றுவார்கள். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன மோட்டார். ஓட்டுநர் கதவில் இருப்பது ‘மாஸ்டர்’, ஐந்து வயர் கொண்டது. மற்ற மூன்றும் இரண்டு வயர். ஓட்டுநர் கதவைப் பூட்டினால் மற்றவை தொடர்ந்து பூட்டிக்கொள்ளும். கையில் ரிமோட், பானெட்டுக்கு அடியில் சைரன், டாஷ்போர்டில் விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு. மழையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையில் பையோடு ஓடிவந்த ஒரு தாய்க்குப் பொத்தானை அழுத்தியதும் நான்கு கதவும் திறந்தது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அலாரம் வேண்டும் என்று வந்தவர்களில் பலர் உண்மையில் விரும்பியது இந்த வசதியைத்தான் என்று நினைக்கிறேன். அதில் தவறும் இல்லை. வசதிக்குக் கொடுத்த பணத்தைக் காவலுக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

சைரனின் கதை வருத்தம் தருவது. ஆறு விதமான ஓசைகளை மாற்றி மாற்றி எழுப்பும் அந்தச் சங்கு முதன்முதலில் ஒரு தெருவில் ஒலித்தபோது சன்னல்கள் திறந்தன. யாராவது மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இஸ்திரிக் கடைக்காரர் எழுந்து வந்தார். அதற்கும் முந்தைய காலத்தில் சைரனே தேவைப்படவில்லை. பல தெருக்களில் ஒன்றோ இரண்டோ கார்தான். அது யாருடையது, யார் ஓட்டுவார்கள், எத்தனை மணிக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். புதியவர் கை வைத்தால் ‘யாருப்பா அது’ என்ற குரல் எழும்பும்.

பிறகு தெருவில் பத்து கார், இருபது கார் என்றாகி, பத்திலும் சைரன் வந்தது. அதிர்வை உணரும் சென்சார் பூனை ஏறினாலும் விழித்தது, லாரி கடந்தாலும் விழித்தது. தீபாவளி இரவில் ஒரு ஆயிரம் வாலா வெடித்தால் தெரு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவி ஓயும். மக்கள் அந்தச் சத்தத்துக்குச் சன்னலைச் சாத்தப் பழகினார்கள். பெட்டியில் 110, 120 டெசிபல் என்று அச்சிட்டு விற்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் வைத்த வரம்பு 45. இவ்வளவு உரக்கக் கத்தியும் யாரும் வராத நிலைக்கு ஒரு தெரு வந்து சேர்ந்திருப்பதை நாம் இழந்தவற்றின் கணக்கில்தான் எழுத வேண்டும். அலாரத்தின் குறை என்று அதைச் சொல்லிவிட முடியாது.

நாம் பெற்றது கண்ணுக்குத் தெரியாதது. ஆரம்பகால மலிவு ரிமோட்டுகளில் குறியீடு மாறுவதில்லை. எட்டுச் சின்ன சுவிட்சுகளால் அமைத்த குறியீடு என்றால் மொத்தமே 256 வகைதான். ஒருமுறை காற்றில் பிடித்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி ஒலிபரப்பித் திறக்கலாம். அதற்கு மாற்றாக ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் முறை வந்தது. அதில் பெயர் பெற்ற கீலாக் தென்னாப்பிரிக்காவில் எண்பதுகளில் உருவாகி, 1995இல் மைக்ரோசிப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு மாறியது. மாறும் பகுதி 32 பிட். அதாவது 429 கோடிக்கு மேற்பட்ட வாய்ப்புகள். 2008இல் ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதையும் உடைத்துக் காட்டினார்கள் என்றாலும், தெருத் திருடனின் கைக்கு அது எட்டும் தூரம் வேறு. எஞ்சினை முடக்கும் இம்மொபிலைசரை ஐரோப்பா 1998 அக்டோபர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. சாவிக்குள் இருக்கும் சிப்பை அடையாளம் காணாமல் எஞ்சினின் கணினி எரிபொருளை விடாது. பழைய டிரைவர் பைக்குள் எடுத்துச் சென்ற ரோட்டரின் வேலையை இன்று சத்தமில்லாமல் அது செய்கிறது.

இன்று இங்கே விற்கும் புதிய கார்களில் பெரும்பாலானவை இம்மொபிலைசரோடும் சென்ட்ரல் லாக்கோடும்தான் வருகின்றன. ஆகவே மலிவான அலாரம் தேடுகிறவர் பெரும்பாலும் பத்து வருடம் ஓடிய ஆல்ட்டோவையோ ஈயானையோ இரண்டாம் கையாக வாங்கியவர். அதுவும் அடிப்படை மாடல். அவருக்காகச் சிலவற்றைச் சொல்லலாம். நான்கைந்து ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல பொருள் கிடைக்கும். குறியீடு மாறும் வகையா என்று கேளுங்கள். ஸ்டார்ட்டரையோ இக்னிஷனையோ துண்டிக்கும் ரிலே உண்டா, அதை உண்மையிலேயே இணைப்பார்களா என்று கேளுங்கள். பெட்டியில் இருந்தும் வயர் இழுக்கச் சோம்பிச் சுருட்டி வைத்துவிடுவது நடக்கிற ஒன்று. உங்கள் மாடலுக்கு, வயரை வெட்டாமல் அப்படியே செருகும் ‘கப்ளர் டு கப்ளர்’ வயரிங் கிடைத்தால் அதிகம் கொடுத்தாவது வாங்குங்கள். வயரை வெட்டி டேப் சுற்றிய இணைப்பு இரண்டு மழைக்காலம் தாங்காது; வாரண்டி உள்ள வண்டியில் வெட்டினால் அதுவும் போகும்.

பேட்டரியையும் கேட்க வேண்டும். விழித்திருக்கும் அலாரம் 20 மில்லிஆம்பியர் எடுத்தால் ஒரு மாதத்தில் 14 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல் போகும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் இரண்டு பங்கு. மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போக மட்டும் வண்டி எடுக்கும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். ரிமோட்டின் செல் தீர்ந்தால் உலோகச் சாவிதான் துணை என்பதால், மாதம் ஒருமுறையாவது அதைக் கதவுத் துவாரத்தில் போட்டுத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பயன்படாத பூட்டு துருப்பிடித்து இறுகிவிடும். புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏஆர்ஏஐ அங்கீகரித்த கருவியாக இருந்தால் காப்பீட்டில் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி கேட்கலாம். சிறிய தொகைதான், ஆனால் அந்த முத்திரை பொருளைப் பற்றி ஏதோ சொல்கிறது.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பையில் சாவி இருந்தாலே கதவு திறந்து, பொத்தானில் எஞ்சின் கிளம்பும் ‘புஷ் ஸ்டார்ட்’ கிட்டுகள் இப்போது மலிவாக விற்கின்றன. சிப் சாவி உள்ள வண்டியில் அதைப் பொருத்தும்போது, பலர் உங்களுடைய இரண்டாவது சாவியின் சிப்பை எடுத்து ஸ்டீயரிங்குக்கு அடியில் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறார்கள். கார் எப்போதும் தன் சாவி பக்கத்தில் இருப்பதாகவே நம்பும். தொழிற்சாலை கொடுத்த ஆகச் சிறந்த காவல் அன்றோடு முடிந்தது. விலையுயர்ந்த கார்களிலேயே இந்தத் தொடாச் சாவி முறைக்குப் பலவீனம் உண்டு: 2011இல் சூரிக் ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களைச் சோதித்தார்கள், வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் அலையை எடுத்து நீட்டிக் கார்வரை கொண்டுபோய்ப் பத்தையும் திறக்க முடிந்தது. சாவி கையில் இருக்கிறது என்பதற்கு முன்பு இருந்த அர்த்தம் இப்போது இல்லை.

இரண்டாம் கை வண்டி வாங்குகிறவர் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. அன்று பழைய அம்பாசடர் வாங்கியவர், முந்தைய உரிமையாளர் கொடுத்தது எல்லாச் சாவியும்தானா என்று சந்தேகப்பட்டால் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போய் வேறு பூட்டு செட் வாங்கி மாற்றினார். நடைபாதையில் அரம் வைத்து ராவிக் கொடுத்த டூப்ளிகேட் சாவிகள் எத்தனை கைகளில் இருந்தன என்பது யாருக்கும் தெரியாது. இன்று ஏற்கெனவே அலாரம் பொருத்திய வண்டியை வாங்கினால் பழைய ரிமோட்டுகள் நினைவகத்தில் இருக்கும். பூட்டை மாற்ற வேண்டாம். பொருத்துகிறவரிடம் வண்டியைக் கொடுத்து, பழையவற்றை அழித்து உங்கள் இரண்டையும் மட்டும் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. வண்டி திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் கேட்பது வண்டியோடு வந்த இரண்டு சாவிகளையும்தான். ஆகையால் இரண்டாவதை வீட்டில், வண்டிக்குள் அல்ல, பத்திரங்களோடு வையுங்கள். அதிர்வு சென்சாரின் திருகை நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டு, இரவில் சத்தமின்றிப் பூட்டும் பொத்தான் எது என்பதையும் அங்கேயே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.