மேசையும் சவப்பெட்டியும் செய்த மில்டன் நகரத் தச்சர்

வகுப்பறையில் நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியைச் செய்த தச்சரின் பெயர் என்னவென்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? பொருள் கண்முன்னே நிற்க, அதைச் செய்தவரின் பெயர் மறைந்துபோவதே பெரும்பாலும் உலக வழக்கமாக இருக்கிறது. அந்த வழக்கத்திற்கு மாறாகப் பெயர் நிலைத்துவிட்ட ஒரு தச்சரையும் அவருடைய குடும்பத்தையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவர் பெயர் தாமஸ் டே. அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில், டான் ஆற்றங்கரையிலுள்ள மில்டன் என்னும் சிற்றூரில் அவர் பட்டறை நடத்தினார். வாழ்ந்த காலம் 1801 முதல் ஏறத்தாழ 1861 வரை. அவர் கறுப்பினத்தவர், ஆயினும் அடிமையல்லர். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால்தான் அவருடைய வாழ்க்கை நமக்கு விளங்கும்.

முதலில் அக்காலத் தச்சுத் தொழிலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கச் சிற்றூர்களில் இறந்தோரின் ஈமக் காரியங்களை ஏற்று நடத்துவதற்கெனத் தனித் தொழிலாளர் இருக்கவில்லை. ஒருவர் இறந்துவிட்டால், வீட்டுப் பெண்களும் அண்டை அயலாரும் உடலைக் குளிப்பாட்டித் துணி உடுத்துவர். ஒருவர் விரைந்து சென்று தச்சருக்குச் சொல்லுவார். தச்சர் உயரமும் தோள் அகலமும் அளந்து, அன்றிரவே சவப்பெட்டியைச் செய்து முடிக்க வேண்டும். உடலைக் கெடாமல் வைத்திருக்கும் முறை அந்நாளில் பரவியிருக்கவில்லை. ஆகவே மறுநாளோ அதற்கு மறுநாளோ அடக்கம் நடந்தாக வேண்டும். நன்றாக உலர்ந்த பலகை, இழைப்புளி, உளி, ஆணி, திருகாணி, கீல், மெருகுநெய் ஆகிய அனைத்தும் எப்பொழுதும் ஆயத்தமாக இருந்த இடம் ஊரில் ஒன்றே ஒன்று. அதுதான் மேசை நாற்காலி செய்பவரின் பட்டறை. செல்வர்க்கு வால்நட் மரத்தில் பெட்டி. ஏழைக்குச் சாயம் பூசிய பைன் மரத்தில் பெட்டி. தோள்பட்டைப் பக்கம் அகன்று, தலைப்புறமும் கால்புறமும் குறுகிய ஆறு பக்க வடிவமே அக்காலத்தில் வழக்கிலிருந்தது. உள்ளே துணி தைத்து விரிப்பதும் பட்டறையின் வேலையே. காலப்போக்கில் தச்சர்களுள் சிலர் சவ வண்டியும் குதிரையும் வாங்கி, அடக்கத்திற்கான ஏற்பாடுகள் முழுவதையும் தாமே ஏற்று நடத்தலாயினர். கட்டிலும் அலமாரியும் விற்கும் கடையின் பெயர்ப்பலகையிலேயே ஈமக் காரியமும் எழுதப்பட்டிருந்தது அவ்வூர் மக்களுக்கு வியப்பாகத் தோன்றவில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின்னர், உடலைப் பதப்படுத்தும் முறை பரவிற்று. தொழிற்சாலைகளில் செய்த பெட்டிகளும் சந்தைக்கு வந்தன. 1882இல் ஈமக் காரியத் தொழிலாளர்கள் நாடளாவிய சங்கம் அமைத்துக்கொண்டனர். அதன் பின்னரே இரு தொழில்களும் மெல்ல மெல்லப் பிரிந்தன. தாமஸ் டே வாழ்ந்தது அவை பிரிவதற்கு முன்னைய காலம். மில்டன் வட்டாரத்துச் செல்வர் வீடுகளுக்கு மகோகனி மேசைகளைச் செய்து கொடுத்த அதே கைகள் அவ்வட்டாரத்து மக்களுக்குச் சவப்பெட்டிகளையும் செய்தன.

தாமஸ் டே பிறந்தது வர்ஜீனியா மாநிலத்தின் டின்விடி வட்டாரத்தில். தந்தை ஜான் டே தச்சர், தாயார் மோர்னிங். இருவருமே அடிமைத்தளையற்ற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை, தாய் தளையற்றவராயின் பிள்ளையும் தளையற்றவர் என்பதே அந்நாட்டுச் சட்டம். ஆகவே தாய்வழி வந்த அந்நிலைமை பெருஞ்செல்வத்திலும் மேலானதாக மதிக்கப்பட்டது. தந்தை தம் புதல்வர் இருவருக்கும் தொழிலையும் எழுத்தறிவையும் கற்பித்தார். 1817இல் குடும்பம் வட கரோலினாவின் வாரன் வட்டாரத்தில் குடியேறியது. பின்னர் 1820களில் இளைஞர் தாமஸ் மில்டனில் பட்டறை தொடங்கினார். 1827இல் உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, இதுவரை ஆதரித்தோர்க்கு நன்றி கூறி, மகோகனி, வால்நட் மரப் பொருள்கள் தம்மிடம் ஆயத்தமாக இருப்பதை அறிவித்தார். அவருடைய தமையனார் ஜான் வேறு வழி சென்றார். கிறித்துவ சமயப் போதகராகி, 1830இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் கப்பலேறினார். அந்நாடு 1847இல் விடுதலை அறிவித்தபோது அவ்வறிக்கையில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் அந்நாட்டின் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். ஒரே தச்சரின் இரு புதல்வர்கள்! ஒருவர் நாட்டைவிட்டு நீங்கிப் புதிய நாட்டை அமைக்கச் சென்றார். மற்றவர் அடிமை முறை நிலவிய மாநிலத்திலேயே தங்கிப் பிழைக்க முற்பட்டார். இருவருள் யார் வழி சரியானது என்று தீர்ப்புக் கூற இக்கட்டுரையாளருக்குத் துணிவில்லை.

தங்கிப் பிழைப்பது எத்தகையது என்பதை 1830ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டும். அவ்வாண்டு தாமஸ் டே, அண்டை மாநிலமாகிய வர்ஜீனியாவைச் சேர்ந்த அக்குவில்லா வில்சன் என்னும் மங்கையை மணந்தார். அவரும் தளையற்ற கறுப்பினப் பெண்ணே. மில்டன் நகரோ மாநில எல்லையை ஒட்டியது. மணமகள் வரவேண்டிய தொலைவு சிறிது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறு மாநிலத்துத் தளையற்ற கறுப்பர் எவரும் வட கரோலினாவில் குடியேறக் கூடாதென்று சட்டம் இயற்றியிருந்தார்கள். மீறினால் கடுமையான தண்டத்தொகை. செலுத்த இயலாதவரைக் கட்டாய உழைப்புக்கு ஒப்படைத்துவிடுவார்கள். மணமான கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ்வதற்கு மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டியதாயிற்று!

மில்டன் வட்டாரத்து வெள்ளையர் 61 பேர் கையெழுத்திட்டுச் சட்டமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். தாமஸ் டே சிறந்த தொழிலாளர், நன்னடத்தை உடையவர், மனைவியைக் கொண்டுவர அனுமதி கிடைக்காவிடில் அவர் ஊரைவிட்டே போக நேரும் என்பது அதன் சாரம். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராகவும் மில்டன்வாசியாகவும் இருந்த ரோமுலஸ் சாண்டர்ஸ் அதனுடன் தம் பரிந்துரையையும் எழுதிச் சேர்த்தார். சட்டமன்றம் இசைந்தது. அக்குவில்லா கணவன் வீடு சேர்ந்தார்.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் இது இனிய கதையாக முடிந்துவிடும். ஆனால் சாண்டர்ஸ் எழுதியதை முழுவதும் படிப்போர்க்கு நெஞ்சு உறுத்தும். தாமஸ் டே நிலமும் அடிமைகளும் உடையவர். ஆகவே கறுப்பரிடையே கலகம் ஏதேனும் எழுமாயின், அவர் முன்கூட்டியே நமக்குத் தெரிவிப்பார் என்று உறுதியாக நம்பலாம் என்ற கருத்தை அவர் அதில் எழுதியிருக்கிறார். ஆம், தாமஸ் டே தாமே அடிமைகளை வைத்திருந்தார். 1830 குடிமதிப்பில் அவர் வீட்டில் இரண்டு அடிமைகள். 1850இல் 14 பேர். அவர்களுட் சிலர் பட்டறையில் உழைத்திருக்க வேண்டும். இதை மறைத்து அவரை உயர்த்திப் பேசுவது முறையாகாது. அடிமை முறையில் அவருக்கு மனம் ஒப்பியிருந்ததா, அல்லது வெள்ளையரின் நம்பிக்கையைக் காத்துக்கொள்ள அது கவசமாயிற்றா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். தளையற்ற கறுப்பினத்தாரின் நலனுக்காக 1835இல் பிலடெல்பியா நகரில் கூடிய மாநாட்டில் அவர் கலந்துகொண்டார் என்பதைப் பின்னாளில் ஆய்வாளர் கண்டறிந்தனர். அடிமை ஒழிப்புக் கருத்துடையோர் பலர் கூடிய இடம் அது. அச்செய்தி அந்நாளில் மில்டனுக்கு எட்டியிருந்தால், 61 கையெழுத்துகளும் அவரைக் காத்திருக்குமா என்பது ஐயமே.

நாளுக்கு நாள் சட்டங்களும் இறுகின. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமையின் தலைமையில் கிளர்ச்சி மூண்டது. அதன்பின் தென்மாநில வெள்ளையரின் அச்சம் பன்மடங்காயிற்று. அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதை வட கரோலினா முன்னரே தடுத்திருந்தது. 1835இல் தளையற்ற கறுப்பரிடமிருந்து வாக்குரிமையையும் பறித்தது. 1860 குடிமதிப்பின்படி அம்மாநிலத்தில் அடிமைகள் 3 லட்சத்து 31 ஆயிரம் பேர். தளையற்ற கறுப்பர் 30 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர். இவ்விரு கூட்டத்தாருக்கும் நடுவே இருந்த வேலி மிக மெல்லியது.

இந்நிலையிலும் பட்டறை வளர்ந்ததன் காரணத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். 1839இல் அதே காஸ்வெல் வட்டாரத்தில் ஸ்டீபன் என்னும் அடிமை இளைஞர், புகையிலை உலர்த்தும் கொட்டகையில் இரவு நெருப்பைக் காத்துக்கொண்டிருந்தபோது கண்ணயர்ந்துவிட்டார் என்றும், விழித்தெழுந்து அணையும் நெருப்பில் அவசரமாக மரக்கரியைப் போட்டார் என்றும், அந்தத் திடீர் வெப்பத்தில் இலைகள் பொன்னிறமாகிவிட்டன என்றும் கூறுவர். அந்தப் பொன்னிறப் புகையிலைக்குச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது. தோட்ட முதலாளிகள் செல்வம் பெருக்கிப் புதுவீடுகள் கட்டினர். அவ்வீடுகளுக்குப் படிக்கட்டுகளையும் கணப்படுப்புச் சட்டங்களையும் கட்டில்களையும் செய்ய அழைக்கப்பட்டவர் தாமஸ் டே. உறங்கிப்போன இளைஞருக்குக் கிடைத்த ஊதியம் ஒன்றுமில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

அவருடைய வேலைப்பாட்டைப் பார்த்தவுடனே கண்டுகொள்ளலாம் என்பர். படிக்கட்டின் அடித்தூண் பிறர் கைவேலையில் நேராக நிற்கும். அவர் கைவேலையிலோ அலைபோல் வளைந்து சுருண்டு நிற்கும். மலிவான பாப்லர், பைன் மரங்களால் உட்கூட்டை அமைத்து, மகோகனி மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி மேலே ஒட்டுவார். பின்னாளில் நீராவி விசையால் இயங்கும் கருவிகளையும் பட்டறையில் பொருத்தினார். வெள்ளையர் சிலரும் அவரிடம் வேலை செய்தனர். 1847இல் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் மன்றங்களின் கூடங்களுக்கு மரவேலை செய்யும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 1848இல் மில்டன் கடைத்தெருவிலிருந்த யூனியன் டேவர்ன் என்னும் பெரிய செங்கல் விடுதியை விலைக்கு வாங்கி, வீடும் பட்டறையும் ஆக்கிக்கொண்டார். 1850 அளவில் வட கரோலினாவிலேயே பெரிய தளவாடப் பட்டறை அவருடையதுதான். மாநில ஆளுநராக இருந்த டேவிட் ரீட் 1855இலும் 1858இலும் தம் இல்லத்திற்காக அவரிடமே 40க்கும் மேற்பட்ட பொருள்களை வாங்கினார்.

மில்டன் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்து இருக்கைகளும் அவர் கைவேலையே. கறுப்பினத்தார் மாடத்தில் தனியே அமர வேண்டும் என்பது அக்கால வழக்கம். தம் குடும்பம் கீழ்த்தளத்தில் மற்றவரோடு அமரலாம் என்ற உடன்பாட்டின் பேரிலேயே அவர் இருக்கைகளைச் செய்து கொடுத்தார் என்பது அவ்வூர்ச் செவிவழிச் செய்தி. உண்மை எதுவாயினும், ஒரு தகப்பன் தன் பிள்ளைகள் அமரும் இடத்தைத் தன் உளியால் பெற முயன்றான் என்று ஊர் மக்கள் நெடுங்காலம் பேசிவந்தது கருதத்தக்கது.

பிள்ளைகள் மூவர்: மேரி ஆன், டெவரோ, தாமஸ். மில்டனில் அவர்களுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் இல்லை. ஆகவே வடக்கே நெடுந்தொலைவிலிருந்த மாசசூசெட்ஸ் மாநிலத்து வில்பிரஹாம் நகரின் வெஸ்லியன் கல்விக்கூடத்திற்கு அவர்களை அனுப்பினார். அங்கே வெள்ளையர் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க இயன்றது. செலவு சிறிதன்று. 1851இல் மகள் மேரி ஆனுக்கு அவர் எழுதிய மடல் இன்றும் கிடைக்கிறது. பிறர் வீட்டுக் கட்டில்களுக்கும் பிறர் வீட்டுச் சவப்பெட்டிகளுக்கும் கிடைத்த காசு இவ்வாறு நூலும் எழுத்துமாக மாறியது என்று எண்ணும்போது, பெற்றோராகிய நமக்கு மற்ற எல்லாவற்றினும் இதுவே நெருக்கமாகத் தோன்றுகிறது.

1857இல் அமெரிக்கா முழுவதும் பொருளாதாரம் சரிந்தது. பொருள் வாங்கியவர்கள் பணம் தரவில்லை. கடன் கொடுத்தவர்கள் காத்திருக்கவில்லை. தாமஸ் டே நொடித்துப் போனார். மகன் தாமஸ் தொழிலைத் தம் பெயருக்கு வாங்கித் தொடர்ந்து நடத்தினார். தந்தை ஏறத்தாழ 1861இல் காலமானார். உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். அந்தப் போரின் முடிவில், 1865இல், அடிமை முறை அந்நாட்டில் ஒழிந்தது. அதைக் காண அவர் இல்லை.

யூனியன் டேவர்ன் 1975இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989இல் தீப்பற்றிப் பெரிதும் சேதமுற்ற அக்கட்டடம் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. 2013இல் வாஷிங்டன் நகரின் ரென்விக் கலைக்கூடத்தில் அவர் செய்த கட்டில்களும் அலமாரிகளும் நாற்காலிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர் செய்த சவப்பெட்டிகளைக் காட்சிக்கு வைக்க எவராலும் இயலாது. அவை மில்டன் வட்டாரத்து மண்ணுக்கடியில், யாருக்காகச் செய்யப்பட்டனவோ அவர்களோடு கிடக்கின்றன.